நெஞ்சுப் படத்தில் பன்னிரண்டு வார்த்தைகள்

பிறந்த நாளுக்கு யாராவது எக்ஸ்ரே படம் கொடுப்பார்களா? எனக்கு ஒருத்தி கொடுத்தாள். அதுவும் தன் நெஞ்சையே படம் பிடித்து, ஓரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிளினிக்கில் வேலை. வாசல் கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவள் நான். உள்ளே எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். எங்கள் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நான் டோக்கன், அவள் எக்ஸ்ரே. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க "எப்ப கூப்பிடுவீங்க, எப்ப கூப்பிடுவீங்க" என்று நூறு பேர் கேட்டால் உங்களுக்கும் வரும். "இன்னிக்கு எத்தனை பேரைக் கடிச்ச?" என்று கேட்டுக்கொண்டேதான் மத்தியானம் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

அவளுக்குத் தன் கண்மேல் ஒரு கர்வம் உண்டு. படத்தைப் பார்த்து நோய் சொல்வது டாக்டர் வேலை, அவள் வாயே திறக்க மாட்டாள். ஆனால் சில நாள் கவுண்டருக்கு வந்து, பேனா தேடுவது மாதிரி குனிந்து, "அந்தப் பச்சைச் சட்டைக்காரரை முன்னாடி அனுப்புடி. அவர் காத்திருக்க வேணாம்" என்பாள். நான் வரிசையை மாற்றிவிடுவேன். முன்னால் இருப்பவர்கள் என்னைக் கிழிப்பார்கள், நானும் பதிலுக்குக் கிழிப்பேன். அப்படி அவள் சொன்னவர்களில் ஒருத்தருக்குக்கூட ஒன்றுமில்லை என்று வந்ததில்லை. யாருக்கும் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த வேலை அது.

அவளுக்குக் கல்யாணம் இல்லை, வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணன் வீட்டு மாடியில் ஒரே அறை. அந்தத் தனிமையில் கிரிப்டோ என்கிற இன்டர்நெட் காசுப் பைத்தியம் எப்படியோ பிடித்துக்கொண்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் காசாக வாங்கி வைப்பாள். வைத்துக்கொள்வதைவிடக் கொடுப்பதில்தான் அவளுக்கு ஆசை அதிகம். "அது பேங்குல இல்ல, பெட்டியில இல்ல. பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தைதான் சாவி. வரிசை மாறாமத் தெரிஞ்சவங்களுக்குத்தான் காசு" என்று எனக்குப் பாடம் எடுப்பாள். நான் கொட்டாவி விடுவேன்.

அந்த வார்த்தைகளை ஒரு கவரில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அவளுக்கு அது போதாது. லேப்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு, துண்டு துண்டாகச் சேர்க்கிற படப் புதிர் ஒன்றைக் கொடுத்தாள்; புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துத் திருப்பினால் பின்பக்கம் வார்த்தைகள். பில்லிங் அண்ணனுக்குக் குழந்தை பிறந்தபோது பன்னிரண்டு தீப்பெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வார்த்தை. கரண்டு போனபோதெல்லாம் அவர் மனைவி அதில் ஒன்றை எடுத்து மெழுகுவர்த்தி ஏற்றி, தீர்ந்ததும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள். மறுநாள் மனுஷன் சட்டையெல்லாம் சாம்பலோடு வேலைக்கு வந்தார். குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடி எடுத்திருக்கிறார். இவள் சிரித்த சிரிப்பில் நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு வந்தது அந்த எக்ஸ்ரே. கிளினிக்கில் பழைய பிலிம் மெஷினைக் கழற்றிக்கொண்டு போவதற்கு முந்தின நாள் எடுத்தது. சாலிடர் வைக்கிற ஈயக் கம்பியை எழுத்து எழுத்தாக வளைத்திருக்கிறாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து இருந்தால் போதுமாம், மிச்சத்தைப் போனே புரிந்துகொள்ளுமாம். அட்டையில் மாவுக்கட்டுப் பவுடரைக் குழைத்து அந்தக் கம்பிகளை ஒட்டி, அட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, நீள வயரில் தொங்குகிற பட்டனைத் தானே அமுக்கிக்கொண்டிருக்கிறாள். கருப்புப் படத்தில் விலா எலும்புகளுக்கு மேலே வெள்ளை எழுத்துகள், வரிக்கு இரண்டு வார்த்தையாக ஆறு வரி.

"அறிவு இருக்காடி உனக்கு? விளையாட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"ஒரு தடவைக்கு ஒன்னும் ஆகாது. அங்கங்க வெள்ளையாப் படிஞ்சிருக்கறது மாவு, அதைக் கண்டுக்காத. எழுத்தை மட்டும் பாரு."

"இந்தக் காத்துக் காசு எனக்கு எதுக்கு?"

சட்டென்று அவள் முகம் மாறியது. "நான் போன வருஷம் கொடுத்த மோதிரம் எங்க?" என்றாள்.

 மோதிரம் அடகுக் கடையில் இருந்தது. என் புருஷன் நல்லவர்தான். ஆனால் வீட்டில் எது மினுங்கினாலும் அதற்கு ஒரு செலவு கண்டுபிடித்துவிடுவார். பெண்ணின் காலேஜ், அவர் தம்பியின் கடை, கூரை ஒழுகல். என் பெயருக்கு வந்த எதுவும் என் பெயரில் நின்றதில்லை.

"அதான். உன் வீட்டுல யாருக்கும் தெரியாத ஒன்னு உங்கிட்ட இருக்கணும். உனக்கே உனக்குன்னு. எடுத்து உன் போன்ல போட்டுக்க. போட்டதும் படத்தை வெட்டிப் போட்டுடு, கண்டவன் படிச்சா அவனுக்குப் போயிடும். நான் வேற எங்கேயும் எழுதி வைக்கல."

நான் எடுக்கவில்லை. வீம்புதான், வேறென்ன. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த இடத்தில் படத்தை ஒட்டினேன். காலை வெயில் அவள் விலா எலும்பு வழியாக என் அடுப்பு மேல் விழும். புருஷன் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் காசு இருக்கிறதா, போய்விட்டதா என்பதை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாமாம். எடுப்பதற்குத்தான் வார்த்தை வேண்டுமாம். அவள் தினமும் பார்ப்பாள். "இன்னிக்கும் அப்படியே கிடக்கு. கல்லுளிமங்கி" என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. தூசி என்றாள், ஏசி என்றாள். ரத்தம் வந்த பிறகுதான் அடங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் நுரையீரலைத் தாண்டி எலும்புக்குப் போயிருந்தது.

ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். கட்டிலில் பாதியாக இருந்தாள். வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"டாக்டர் பழைய படம் ஏதாவது இருக்கான்னு கேட்டாருடி. எங்கிட்ட எதுவும் இல்ல. வருஷா வருஷம் ஸ்டாஃபுக்கு எடுக்கச் சொல்வாங்க, நான் எல்லாருக்கும் எடுத்துட்டு என்னோடதை விட்டுடுவேன்."

"சரி விடு."

"எப்படி விடறது? எத்தனை பேரோடதை சின்னப் புள்ளியா இருக்கும்போதே பாத்தேன். என்னோடது எங்கேயோ என் கண்ணு முன்னாடி வந்து, நான் பாக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு. சாகறதுக்குக்கூட இவ்வளவு பயம் இல்லடி. இதை நெனச்சாத்தான் தூக்கம் வரல."

 அவள் தலையணையைச் சரி செய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பளிச்சென்று நினைவு வந்தது. பழைய படம் இல்லை என்று யார் சொன்னது? என் ஜன்னலில் இருக்கிறதே. மூன்று வருஷத்துக்கு முந்தின நெஞ்சு, சுத்தமான நெஞ்சு. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், 'பாரு, அப்ப ஒன்னும் இல்ல, நீ எதையும் விடல' என்று அவள் வாயை அடைத்துவிடலாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போய் செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தை ஜன்னலிலிருந்து பிய்த்தேன்.

மறுநாள் காலையில் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். அடுப்புப் பிசுக்கைத் துடைத்து நல்ல கவர் ஒன்றில் போடலாம் என்று எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தபோது எங்கள் டாக்டர் அங்கே நின்றிருந்தார். "என்னம்மா அது?" என்றார். பெருமையாக நானே லைட் பாக்ஸில் மாட்டிக் காட்டினேன்.

முதலில் எழுத்துகளைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கிட்டே போனார். நாலாவது வரியில் லேடர் என்கிற வார்த்தையின் நாலு எழுத்து இருந்தது. அதன் கீழே இருந்த வெள்ளையை விரலால் சுற்றினார்.

"அது மாவுக்கட்டு சார். அவதான் சொன்னா, எல்லா எழுத்தைச் சுத்தியும் இருக்கு பாருங்க."

"மத்ததெல்லாம் மாவுதான்" என்றார். "கம்பி ஓரமாவே ஓடுது பாருங்க. இது அப்படி இல்லம்மா."

 அவள் மேசை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னதாத்தான் இருந்திருக்கு. அறுத்து எடுத்திருக்கலாம்."

"அவளும் இதைப் பாத்தா சார். மாவுன்னு நெனச்சுட்டா."

"அவங்க தன் படத்தைப் பாக்கலையே. உங்களுக்குக் கொடுக்கப் போறதைப் பாத்தாங்க."

அந்த மனுஷன் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ நெஞ்சில் ஏறி மிதித்த மாதிரி இருந்தது. என் பிறந்த நாள். எனக்குத்தான் எதுவும் இல்லையே என்று, பாவி, தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் எனக்காகக் கம்பி வளைத்திருக்கிறாள்.

"இந்தப் படம் ஆஸ்பத்திரிக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

"இனிமே இதனால மாறப்போறது எதுவும் இல்ல. அந்த டாக்டர்கிட்ட நானே போன்ல சொல்லிடுறேன்."

"அவளுக்குத் தெரியக் கூடாதுன்னும் சொல்லிடுங்க சார். தெரிஞ்சா அவளே அவளை மன்னிக்க மாட்டா." அவர் சரி என்று தலையசைத்தார்.

ஆனால் அவளுக்கு இந்தப் படம் எந்த நிமிஷமும் ஞாபகம் வரும். கேட்டால் என்ன சொல்வது? வெட்டிப் போட்டேன் என்று சொல்லலாம். அப்படியானால் காசு எடுத்திருக்க வேண்டும். எடுத்தேனா என்று போனைத் திறந்தால் தெரிந்துவிடும். மூன்று வருஷமாக நான் வேண்டாம் என்று வீம்பு பிடித்த காசை அன்றைக்கே எடுத்தாக வேண்டியிருந்தது.

மத்தியானம் பில்லிங் அண்ணனைப் பிடித்தேன். என் போனில் வேண்டியதையெல்லாம் அவர்தான் போட்டுக் கொடுத்தார். "வார்த்தையை நீயே அடி, நான் பாக்கக் கூடாது" என்று பெருந்தன்மையாகத் திரும்பி நின்றார். நான் படத்தை லைட் பாக்ஸில் மாட்டி, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன். ஆனியன். கோட். அம்ப்ரெல்லா. எழுத்து மங்கிய இடத்தில் விரல் வைத்துப் படித்தேன். நாலாவது வரிக்கு வந்தபோது கண் மறைத்தது. லேடர் என்று அடிக்க அந்த வெள்ளையையே பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை தப்பாக அடித்தேன். "என்னம்மா, ஆச்சா?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. ஆச்சு என்றேன்.

காசு என் போனுக்கு வந்தது. என் கண்ணெதிரே ஒருத்தி கஷ்டப்பட்டுச் சேர்த்தது, ஒரு சத்தம்கூட இல்லாமல் வந்து உட்கார்ந்தது. பிறகு கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து அவள் நெஞ்சைத் துண்டு துண்டாக வெட்டினேன்.

சாயங்காலம் போனபோது அவள் தலையணையில் சாய்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"எடுத்துட்ட" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"நேத்து உன்னைப் பாத்துட்டுப் போனப்புறம் மனசு கேக்கல. அதான்."

"இதுக்கு நான் சாகக் கெடக்கணுமாக்கும். சரி, படம் எங்க? மத்தியானம்தான் ஞாபகம் வந்துச்சு, டாக்டருக்குக் காட்டலாமேன்னு."

"வெட்டிட்டேன்."

"அடிப்பாவி, இன்னிக்கேவா?"

"நீதானே மூணு வருஷமா வெட்டு வெட்டுன்னு உயிரை வாங்கின. இப்ப வந்து கேளு."

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்தியாடி? நீயும் இத்தனை வருஷமா எவ்வளவு படம் பாத்திருக்க. அதுல ஏதாவது இருந்துச்சா?"

"எல்லாம் பாத்தேன். நம்ம டாக்டர்கிட்டயும் காட்டிட்டுத்தான் வெட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

வாழ்நாள் முழுக்க ஆளுக்கு ஆள் எரிந்து விழுந்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அவளிடம் மட்டும் அன்றைக்கு வரை பொய் சொன்னதில்லை.

"மாவுன்னு சொன்னாரு. எல்லாம் மாவுதான்னு சொன்னாரு. அப்ப உனக்கு ஒன்னுமே இல்ல. நீ எதையும் விடலடி."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பிடித்த பிடி தளர்ந்தது. அந்தக் காசில் எனக்கென்று என்ன வாங்கப் போகிறேன் என்று கேட்டாள்; புருஷனுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.