அவகாடோ அடுக்கில் குடியிருந்தவர்

ஞானசௌந்தரி பார்ட்டிக்குக் கொண்டுபோகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த டாக்கோ டிப்பில், அவகாடோ அடுக்குக்கு ஒருவர் குடிவந்திருந்தார். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தவள், கண்ணாடிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் அவரைப் பார்த்தாள். பச்சைப் பரப்பின் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, வணக்கம் சொன்னார். பெயர் சிதம்பரதாணு, ஊர் சுசீந்திரம் பக்கம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், சத்தம் போட்டு ரேடியோ வைக்கிற பழக்கம் இல்லை. குடிவருகிறவர்கள் சொல்லவேண்டியதையெல்லாம் முறையாகச் சொன்னார். ஞானசௌந்தரி, சரி இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டாள்.

டெக்சஸில் அவள் இருந்த ஊரில், சிப்ஸில் தொட்டுத் தின்கிற இந்த அடுக்கு டிப்பை முன்கூட்டியே செய்து குளிரவைத்தால் இப்படி ஆவதுண்டு. அடியில் மசித்த பீன்ஸ் இறுகித் தரை போலாகிவிடும். மேலே மசாலா கலந்த புளிப்பு க்ரீம், சுண்ணாம்பு அடித்த கூரை மாதிரி. அதற்கும் மேலே சீஸும் தக்காளியும் ஆலிவும். நடுவிலிருக்கிற அவகாடோவில் வெயிலும் இல்லை, புழுக்கமும் இல்லை. பார்ட்டி முடிகிறவரை குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்குச் சொந்த ஊர் நாசரேத்து. பல் மருத்துவர்களுக்குப் பற்கள் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை. நாள் முழுக்க, முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்களைச் செதுக்கிக்கொண்டிருப்பாள். கணவர் இறந்து, மகளும் வேலைக்காக வேறு மாநிலம் போனபிறகு, ஊரில் இருந்த தமிழர்கள் அவளை டிப்புக்காகக் கூப்பிட்டார்கள். மாதாமாதம் பார்ட்டி வைக்கிற இந்துமதி ஃபோன் செய்தால் முதலில் டிப் உண்டா என்று கேட்பாள், பிறகுதான் உடம்பு எப்படி இருக்கிறது என்பாள். ஞானசௌந்தரி இரண்டுக்கும் இருக்கு என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுவாள்.

அன்று சாயங்காலமே சிதம்பரதாணு ஒரு குறை சொன்னார். மாடியில் தண்ணீர் ஒழுகுகிறதாம். அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். தக்காளி நீர்விட்டு, கண்ணாடி ஓரமாக வழிந்து, அவருடைய படுக்கை வரை வந்திருந்தது. அவசரத்தில் விதை எடுக்காமல் நறுக்கிப் போட்டதன் பலன். தப்பு என்னுடையதுதான் அண்ணாச்சி என்று சொல்லி, தக்காளியை ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்து, விதையை வழித்து, காகிதத் துண்டில் ஒற்றி, திரும்பப் பரப்பினாள். இனி பிரச்சினை இல்லை என்று கீழிருந்து குரல் வந்தது.

அதற்குப்பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் சாப்பிடவில்லை. நாற்காலியை ஃப்ரிட்ஜுக்கு எதிரே இழுத்துப் போட்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டாள். தட்டிலிருந்த சோறு சீக்கிரமே ஆறிவிடும். அவர் அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பார். புளிக்குழம்பு என்றால், அதில் கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டால் நன்றாக இருக்குமே என்பார். அவள் மறுநாள் தேங்காய் அரைத்து விடுவாள். தான் செய்த பற்களைப் பற்றி அவள் முதன்முறையாக ஒருவரிடம் பேசியது அவரிடம்தான். கதவு நெடுநேரம் திறந்திருந்தால் ஃப்ரிட்ஜ் கீச்சிடும். உடனே அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு, சாத்திருங்கம்மா, கரண்டு வீணாப் போவுது என்பார். அவள் சாத்துவாள். சாத்தியபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

பார்ட்டி நெருங்க நெருங்க அவளுக்குக் கவலை பிடித்தது. டிப்பைக் கொண்டுபோனால் சிப்ஸோடு வந்து கூரையைப் பெயர்ப்பார்கள். பார்ட்டி முடிந்ததும் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்துமதியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட முடிவு செய்தாள். அதை அவரிடமும் சொன்னாள். பார்ட்டிக்குப் போகாவிட்டால் பார்ட்டி முடியாது, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றாள்.

அவர் நாற்காலியை மடித்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்காக நீங்க போகாம இருக்கக்கூடாதும்மா. என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க வேலைக்குப் போனா இங்க லைட்டு அணைஞ்சிருது. நாலு ஆளைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

கதவைச் சாத்தினால் விளக்கு அணையும் என்பது அவளுக்கும் தெரியும். அந்த இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாத்திரத்தை ஐஸ் பைகளுக்கு நடுவில் வைத்து, மெதுவாகக் கார் ஓட்டிப் போனாள். அவகாடோ அடுக்கில் ஆள் இருக்கிறது என்று இந்துமதியிடம் சொன்னாள். இந்துமதி அதற்கென்ன என்று, மேலாகத் தொட்டுக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவர்களும் பார்த்துத்தான் தின்றார்கள். ஆலிவ் போயிற்று, தக்காளி போயிற்று, சீஸ் போயிற்று. க்ரீமும் வழிக்கப்பட்டதும் சிதம்பரதாணு எழுந்து நின்று, வந்தவர்களைச் சுற்றிப் பார்த்துக் கும்பிட்டார்.

யாரோ அவர் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல் அது, கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு காலத்தில் வெளியூருக்கு டிரங்கால் போட்டுக் காத்திருந்த மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். இணைப்புக் கிடைத்தபிறகு பேச ஒன்றும் தோன்றாமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்கு நேரம் முடிந்தும் அவர் லைனை வெட்டவில்லையாம். எல்லாரும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். கடைசியாக வந்து நின்ற ஞானசௌந்தரிக்கு, முன்னால் இருந்தவர்களின் தோள்கள்தான் தெரிந்தன. மூச்சு விட்ட தம்பதியின் கதையை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவள் போய்ச் சமையலறைத் தொட்டியில் கிடந்த கரண்டிகளைக் கழுவினாள். ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்து, டிப் பிரமாதம் என்று குழாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பும் நேரத்தில் பாத்திரத்தை எடுக்கப் போனபோது சிதம்பரதாணு குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க. இவங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கண்ணாடிக் கதவும்மா. சாத்தினாலும் ஆளு தெரியுது."

ஞானசௌந்தரி அந்தக் கதவைப் பார்த்தாள். பளிச்சென்றுதான் இருந்தது. இந்துமதியின் பிள்ளைகள் அதில் மூக்கை ஒட்டிவைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இருங்க அண்ணாச்சி" என்றாள். ஐஸ் பைகளில் உருகியிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

பிறகு இந்துமதியைத் தனியே அழைத்துப் போய்ச் சில விஷயங்களைச் சொன்னாள். அவகாடோ கறுத்துப்போகும், தினமும் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட வேண்டும். அவர் கண்ணில் தெறிக்காதபடி ஓரமாகப் பிழிய வேண்டும். குழம்பு வைத்தால் என்ன குழம்பு என்று அவரிடம் சொல்ல வேண்டும். இந்துமதி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாசல் வரை வந்து, அடுத்த மாதமும் டிப் உண்டுதானே என்று கேட்டாள்.

வெறுங்கையோடு கார் ஓட்டி அவள் தன் தெருவுக்குள் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. எதிர்வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வீடு மத்தியானமே கிளம்பிப் போய்விட்டது, நல்ல திரைச்சீலைகளாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனது, யாரோ விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் போல என்றார். எப்போது வரும் என்று ஏதாவது சொன்னதா என்று ஞானசௌந்தரி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

வாசல் விளக்கை மட்டும் அவளுக்காக எரியவிட்டுப் போயிருந்தது. அது எப்போதும் இருக்கிற உயரத்தில், எதிலும் ஒட்டாமல் நின்று எரிந்தது. ஞானசௌந்தரி காரைப் பூட்டினாள். கதவு இருந்த இடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள்.