எல்லாத்துக்கும் நாலு

என் பெண்டாட்டி ஆவுடைத்தாய்க்கு மார்பில் கேன்சர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நாகலாபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுவார்கள். நாலு தடவை ஏற்றியாயிற்று; இன்னும் நாலு பாக்கி. எட்டும் முடிந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் நம்பினேன்.

ஐந்தாம் தடவை, நர்ஸ் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போனதும், சுதாராணி என்று ஒரு பிள்ளை தாளும் பேனாவுமாக வந்து கட்டிலருகே உட்கார்ந்தது.

"ஐயா, அம்மாவோட வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு கொஞ்சம் கேள்வி. ஒன்னுன்னா இல்லவே இல்ல. நாலுன்னா ரொம்ப அதிகம்."

"தரமா? உளுந்துக்குத்தான் தாயி தரம் பாப்பாவ."

அந்தப் பிள்ளை சிரித்தது. "அம்மாவே சொல்லட்டும்."

"அவ வாயெல்லாம் புண்ணு. நான் சொல்லுதேன், எழுது."

தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். மழையில் உளுந்து அழுகிய வருஷம் சேதம் எழுத வந்தார்கள். பக்கத்துப் புஞ்சை கோபாலசாமி, கால்வாசி போச்சு என்று உள்ளதைச் சொன்னான். பட்டியலில் அவன் பேரே இல்லை. ஒரு மணி தேறாது என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்கு நிவாரணம் வந்தது. ஆஸ்பத்திரிக்காரன் மட்டும் வேறு ஜாதியா? நோவைக் குறைத்துச் சொன்னால் மருந்தையும் குறைத்துவிடுவான்.

"வலி இருக்கா?"

"நாலு."

"வாந்தி?"

"நாலு."

"தூக்கம் வராம இருக்காங்களா?"

"நாலு போடு."

"மனசு விட்டுப்போயி, இனி போதும்னு நினைக்காங்களா?"

ஆவுடைத்தாயைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அதுக்கும் நாலுதான்."

"எல்லாத்துக்கும் நாலா ஐயா?"

"அஞ்சு இருந்தா அஞ்சே போடு."

சொன்னது பொய்யென்றுதான் நினைத்தேன். வீட்டில் அவள் சோறு பொங்கினாள், ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். முனகிக்கூட நான் கேட்டதில்லை.

டாக்டர் கிருஷ்ணகுமார் வந்து தாளைப் படித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தாலே எனக்குப் பிடிக்காது.

"ஐயா, ஸ்கேன் முடிவு வந்துருச்சு. நோய் எலும்புக்கும் போயிருக்கு. இந்த மருந்து கேக்கல. இவ்வளவு கஷ்டப்படுத்தி இனியும் ஏத்த வேண்டாம். நிப்பாட்டிருவோம். வலிக்கு மாத்திரை தாரேன்."

"ஐயா, அதெல்லாம் பொய்யி! நான் கூட்டிச் சொன்னது. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. ஏட்டி, வாயைத் தொறந்து சொல்லேன். நேத்து சோறு பொங்குனியா இல்லியா?"

டாக்டர் அவளிடம் குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார். "இதுல எது பொய்யிம்மா?"

அவள் மெல்லத் திரும்பினாள். உதடு ஒட்டியிருந்தது.

"ஒன்னும் பொய் இல்ல. எல்லாம் நெசந்தான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

"தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது."

"போதும். வீட்டுக்குப் போவோம்."

நர்ஸ் வந்து ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து என்னை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

"மெதுவா. வலிக்கி" என்றாள் ஆவுடைத்தாய்.

கையைத் தளர்த்தினேன். பஞ்சு சிவந்தது. திரும்ப அழுத்தப் பயமாக இருந்தது.