கழுவியதற்கும் தொட்டதற்கும் நடுவில்

1

இந்தக் கதை காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. ஒரு மருத்துவமனை லிஃப்ட்டில் என் முன்னால் நின்ற பெண், பக்கத்தில் நின்ற ஆண் நர்ஸிடம் சொன்னாள்: "உங்க கையை நம்புறேங்க. உங்க வார்டைத்தான் நம்ப முடியல." லிஃப்ட் திறந்தது, இருவரும் போய்விட்டார்கள். வாக்கியத்தை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

[மருந்துக்கு மசியாத கிருமிகள் இன்று மனித குலத்தின் முன் நிற்கும் மாபெரும்—]

எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

என் கதையில் அந்தப் பெண் கிருமிகளுக்குக் கணக்குப் போடுகிறவள். வார்டில் இருப்பவர்களை மூன்று பெட்டிகளாகப் பிரிப்பாள்: கிருமி இல்லாதவர், கிருமியைச் சுமந்துகொண்டே நன்றாக இருப்பவர், அதனால் நோயில் விழுந்தவர். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதுவாள். கையை இன்னும் ஒழுங்காகக் கழுவினால் என்ன ஆகும், படுக்கைகளைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்பாள். மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் கணக்கு டீச்சர். வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் அவள் பாடம் எடுத்ததில்லை.

அவள் கணவர் அதே இடத்தில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். சட்டை கசங்காமல் வருவதால் நோயாளிகள் அவரை மாப்பிள்ளை என்பார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர், கால் உடைந்து படுத்திருந்த ஒரு பஸ் டிரைவர். டிரைவருக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்.

[இரண்டாம் வரைவில் டிரைவரைச் சாகடித்திருந்தேன், கதைக்குக் கனம் வரட்டும் என்று. பிறகு ஒரு டீ குடித்தேன். மனசு கேட்கவில்லை, பிழைக்க வைத்துவிட்டேன். ஆனால் இப்போது அவருக்குக் காய்ச்சல், காலில் சீழ். கொடுத்த மருந்து எதற்கும் கேட்கவில்லை. அதை மட்டும் மாற்ற முடியாது. மாற்றினால் கதையே இல்லை.]

3

கணவரின் ஷிஃப்டில்தான் கிருமி வேகமாகப் பரவியது. சமன்பாடு ஒத்துவர வேண்டுமென்றால், அந்த ஷிஃப்டில் இருப்பவர்கள் சொல்வதில் பாதிதான் கை கழுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே அறிக்கை போனால், உயிராக நினைக்கும் அந்த வார்டிலிருந்து அவரைத் தூக்கியடித்துவிடுவார்கள்.

"ஏங்க, நெஜமாவே ஒவ்வொரு ஆளுக்கும் கழுவுறீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தார். "இங்க பாரு, தோலே உரிஞ்சு போச்சு. கழுவாமலா உரியும்? எக்ஸும் ஒய்யும் சொன்னா வேதம், கட்டினவன் சொன்னா பொய்யா?"

"எக்ஸும் ஒய்யுமா எனக்குச் சமைச்சுப் போடுது? நீங்கதானே போடுறீங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கைகளுக்குத் தினமும் களிம்பு தடவிவிடுவது அவள்தான். கழுவிக் கழுவித் தேய்ந்த கைகள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கணக்கிலும் பிழை தட்டுப்படவில்லை.

இங்கே கதை படுத்துக்கொண்டது. கதை என்றால் ஒரு குற்றவாளி வேண்டும் என்று நீங்களும் நானும் பழகிவிட்டோம். அவளுடைய சமன்பாட்டுக்குக் குற்றவாளி தேவையில்லை, வேகம் தெரிந்தால் போதும். சோம்பேறியான இன்னொரு நர்ஸைக் கொண்டுவரலாமா, அவசரக்கார டாக்டர் ஒருவரை மாட்டிவிடலாமா என்று பார்த்தேன். யாரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. மாப்பிள்ளையைக் கைகழுவவும் மனமில்லை. (இந்தச் சிலேடையை மன்னியுங்கள். அடிக்கத்தான் போனேன், சிரிப்பு வந்துவிட்டது.) வேறு வழியில்லாமல் அவளை வார்டுக்கே அனுப்பிவைத்தேன்.

4

வாசல் ஓரமாக நின்று பார்த்தாள். அவர் மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவினார், துடைத்தார், படுக்கைக்குப் போனார், பக்கத்தில் தொங்கிய திரையை இழுத்து மூடினார், பிறகு நோயாளியைத் தொட்டார்.

இரண்டு படுக்கைகளுக்கு நடுவே ஒரே திரை. வருகிறவர் போகிறவர் எல்லோர் கையும் படுகிற, எப்போதோ ஒருமுறை துவைக்கிற திரை. மற்ற ஷிஃப்டுகளில் பெரிய வேலைகளுக்கு மட்டும்தான் அதை இழுப்பார்கள். இவர் ஒரு சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்கும் இழுப்பார். "படுத்துட்டா மட்டும் வெக்கம் போயிடுமா?" என்பார். அவரைப் பார்த்து அவருடைய ஷிஃப்டே அப்படிப் பழகியிருந்தது.

திரையைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். அதே கிருமி வளர்ந்தது. அவள் சமன்பாட்டில் கைகள் இருந்தன, படுக்கைகள் இருந்தன. திரைக்கு இடமே இல்லை. அவள் கொஞ்சம் அழுதாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அவ்வளவு பயமாகவும் இருந்தது.

அறிக்கையைத் திருத்தினாள்: முதலில் திரையை இழுங்கள், பிறகு கழுவுங்கள். யாரையும் எங்கேயும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டுமே.

5

[அவர் வெடித்துச் சிரித்து, "அடிப்பாவி, இதுக்கா இவ்வளவு" என்று—]

பொய். அவரை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

[அன்றோடு அவர் திரையை இழுப்பதையே நிறுத்திவிட்டு—]

அதைவிடப் பெரிய பொய்.

நடந்தது இதுதான். சமையலறையில் சொன்னாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"அப்போ டிரைவருக்கு நான்தான் குடுத்தேனா?"

"தெரியாதுங்க."

"உன் கணக்கு சொல்லாதா?"

"எவ்வளவு வேகமாப் பரவுதுன்னு சொல்லும். யார்கிட்டேருந்து யாருக்குன்னு சொல்லாது."

"எனக்காகப் பூசி மெழுகாத."

"உங்களுக்காகத்தான் பொய் சொல்லாம இருக்கேன்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. என் நிலைமை வேறு. 'அவர்தான்' என்றோ 'அவர் இல்லை' என்றோ நான் ஒரு வரி எழுதினால் அது அப்படியே ஆகிவிடும். எழுதப் போனேன். தெரியாததைத் தெரியாது என்று கட்டினவர் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு பெண்ணுக்கு முன்னால், எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் அவர் விடுவதாக இல்லை. அவளையும் என்னையும் தாண்டி இப்போது உங்களைப் பார்க்கிறார். காலையில் டிரைவரின் கட்டைப் பிரிக்கப்போவது அவர்தான். அதற்குள் அவருக்கு ஒரு பதில் வேண்டும். 'தெரியாது' என்றே நீங்களும் சொல்லலாம். சொன்ன கையோடு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.