கோடித் துணியோடு வந்த புத்தகங்கள்

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுகளா. பெருந்துறைப் பக்கத்தில் ஓர் எழவு வீட்டுக்கு மாலையோடு புத்தகமும் வந்த கதை இது.

அம்புஜம் டீச்சரின் தலைமாட்டு விளக்குக்கு அவள் புருஷன் பங்காரு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பையன் கூட்டத்தை விலக்கி வந்து, அவள் காலடியில் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனான். பின்னாலேயே பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாம் உயர்நிலைப்பள்ளி நூலக முத்திரை குத்திய புத்தகங்கள்.

அங்கே நூலகம் என்றால் பூட்டிய அலமாரிகள்தான். புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்லவேண்டும். அதனால் யாரும் திறந்ததில்லை. அம்புஜம் பொறுப்புக்கு வந்ததும் பூட்டுகளைக் கழற்றிக் கிணற்றில் வீசினாள். "தொலைஞ்சா தொலையட்டும். எவன் ஊட்லயோ எவனோ படிச்சுட்டுத்தான இருப்பான்" என்பாள். போன வாரம் மூச்சு முட்டியபோதும் பங்காருவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஏனுங்க, மறுபடி பூட்ட மட்டும் உட்றாதீங்க." லேத்துப் பட்டறைக்காரர் அவர். பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன அதிகாரம்? இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

"டீச்சர் மேல என்ன பாசம் பாருங்க" என்றார் பங்காரு.

பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க போன் பாக்கலீங்களா? டீச்சர் குடுத்த புத்தகத்தையெல்லாம் இன்னிக்கே ஒப்படைக்கோணும்னு ஹெட்மாஸ்டர் குரூப்புல போட்டிருக்காருங்க. பள்ளிக்கூடம் லீவு. அதான் இங்க கொண்டாறாங்க."

பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு வந்த அம்புஜத்தின் தம்பிக்கு, காலடியெல்லாம் புத்தகமாகக் கிடந்ததால், அதை வைக்க இடமில்லை. "ஏனுங்க மாமா, அக்காளையும் அடுக்கி சீல் வெச்சிருவாங்களா?"

தலைமையாசிரியர் மாலை போட்டுவிட்டுத் திரும்பியதும் பங்காரு அவரை வாசல் பந்தலுக்கு அழைத்துப்போய்க் கைகூப்பினார்.

"பூட்டாதீங்க சார். அவ கேட்டுட்டுப் போயிருக்கா."

"கையெடுத்தெல்லாம் கும்புடாதீங்க. ஆடிட்ல ஒண்ணு கொறஞ்சா என் கழுத்துக்குத்தானுங்க வரும். அடுத்த ஆள் பொறுப்பு எடுக்கறவரைக்கும் பூட்டித்தான் ஆகோணும்."

"எப்ப எடுப்பாங்க?"

தலைமையாசிரியர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"நானே வந்து உக்காந்துக்கறேனுங்க சார். பட்டறைய மூடிப்போட்டு வந்தர்றேன்."

"வெளியாள உடறதுக்கு ரூல் இல்லீங்க."

புத்தகங்கள் ஆட்டோவில் ஏறின. அதற்குப் பிறகுதான் அம்புஜம் கிளம்பினாள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஈரத்துணியோடு பங்காரு திரும்பியபோது வீடு கழுவி முடிந்திருந்தது. கேட்டோரம் ஒன்பதாவது படிக்கும் லோகப்பிரியா நின்றிருந்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"பஸ்ஸு கெடைக்கலீங்க. லேட்டாயிப்போச்சு."

"படிச்சுட்டியா?"

"பாதிதானுங்க."

வாங்கியவர் அதைத் திறக்கவில்லை. ஈரக்கை பட்ட இடத்தை வேட்டியில் துடைக்கப் பார்த்தார். வேட்டியும் ஈரம். திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

"முடிச்சுட்டுக் குடு."

"யார்கிட்டீங்க?"

அவர் கேட்டை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டார். அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"வாரேனுங்க."

"எழவு ஊட்ல அந்தச் சொல்லு சொல்லலாமா அம்மணி? பேசாமப் போகோணும்னு தெரியாது?" வள்ளியாத்தாள் அதட்டினாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றது.

"வா கண்ணு" என்றார் பங்காரு.

அவள் தெரு முக்குத் திரும்பி மறைந்த பின்னும் அவர் கேட்டைச் சாத்தவில்லை.

நல்லாயிருங்க கண்ணுகளா. உங்க ஊட்டு வாசல்ல 'வாரேன்'னு சொல்லிப் போனவங்க அத்தனை பேரும் பொழுதோட ஊடு வந்து சேரட்டும்.