துண்டில் விழுந்த வளையம்

புருசன் சவத்தின் தோளில் போடுவதற்காக மிக்கேலம்மாள் ஆணியிலிருந்து பழைய துண்டை உருவிக்கொண்டிருந்தபோது, களத்துப் பக்கம் எஞ்சின் இருமிக்கொண்டு மறுபடியும் நின்றது. இது மூன்றாவது தடவை.

அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் நேற்றுச் சாயங்காலம் தேவஆசீர்வாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பசுவந்தனைச் சுற்றுவட்டாரத்தில் ஆயில் எஞ்சினையும் தூற்றுகிற காத்தாடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு களம் களமாகப் போனவர். எஞ்சினோடு பேசியதில் கால்வாசியைப் பெண்டாட்டியோடு பேசியிருந்தால் ஊரில் அவருக்கு நல்ல பேர் இருந்திருக்கும். மிக்கேலம்மாளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. இருபத்திரண்டு வருசம் பேசாத மனுசனை எந்த இடத்திலிருந்து ஆரம்பித்து அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சினை ஓட்டச் சொன்னவளும் அவள்தான். களத்தில் கிடந்தது சீனித்தாயின் கொத்தமல்லி. புருசன் இல்லாதவள், ஒற்றை ஆளாகக் குத்தகைக் கரிசலில் பாடுபட்டு எடுத்த விளைச்சல். மேற்கே வானம் இருண்டு வந்தது. நனைந்து கறுத்த மல்லியை எந்த வியாபாரியும் தொடமாட்டான். துட்டி கேட்க வந்து உட்கார்ந்திருந்த சீனித்தாய்க்குக் கண் சவத்தின் மேல் பாதி, வானத்தின் மேல் பாதி.

"சவத்த வீட்டுக்குள்ள போட்டுக்கிட்டு எஞ்சின ஓட்டுததா?" என்று ஒரு கிழவர் முனகினார்.

"சவம் கிடக்குன்னு மழ நிக்குமா, மாமா?" என்று கேட்டுவிட்டு, மிக்கேலம்மாள் கொழுந்தன் பால்துரையைக் களத்துக்கு அனுப்பியிருந்தாள்.

இப்போது அவன் தலையெல்லாம் தூசியாக வந்து நின்றான்.

"மதினி, அண்ணன் எப்படித்தான் ஓட்டுனாவளோ! ரேஸைக் கொறச்சா எஞ்சின் நின்னு போவுது. கூட்டுனா மல்லி பூராவும் தூசியோட சேந்து பறக்குது."

"விடுங்க அண்ணாச்சி, என் தலையெழுத்து" என்றாள் சீனித்தாய்.

மிக்கேலம்மாள் கையிலிருந்த துண்டை விரித்தாள். நடுவில், புடைக்கிற சுளகு அகலத்துக்குக் கருப்பாக ஒரு வளையம். வருசா வருசம் மாசி மாதம் இந்த வளையத்துக்காகவே வீட்டில் சண்டை நடக்கும். "எந்தப் பானைய இதுல தொடச்சிய?" என்று அவள் கத்துவாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவள் சலவைச் சோடாத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கல்லில் அடிப்பாள். கறை லேசாக மங்கும், அவ்வளவுதான்.

சோளம் தூற்றப் போனால் துண்டு வெறும் தூசியோடு வரும். மல்லிக்குப் போனால்தான் இந்த வளையம். காத்தாடி காற்றை இழுக்கிற வாயும் சுளகு அகலம்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனுசா. கோபம்தான் முதலில் வந்தது.

"தம்பி, எஞ்சினக் கொறைக்காதிய. அது ஓடுத ஓட்டத்துல ஓடட்டும். காத்தாடி வாயில இந்தத் துண்டக் கட்டுங்க. காத்து மட்டும் கொறையும்."

"அண்ணன் சொல்லிருக்காவளா?"

"ஆமா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கிளம்பியது. இருமவில்லை, அலறவுமில்லை. மாசிக்கு மாசி அடுப்படியில் இருந்தபடியே அவள் கேட்ட அதே சத்தம். சீனித்தாய் எழுந்து களத்துக்கு ஓடினாள். மிக்கேலம்மாள் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஜெபமாலை சொல்லக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

மூன்று மணிக்கு மாதா கோயிலில் துக்கமணி அடித்தபோது முதல் தூறல் விழுந்தது. பால்துரை துண்டோடு ஓடிவந்தான்.

"கடைசி மூட்டையும் ஏத்தியாச்சு, மதினி. இந்தாங்க, அண்ணன் தோள்ல போடணும்னியள்லா."

பெட்டிக்குள் அவர் தோளில் யாரோ வாங்கிவந்த புதுத் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. மிக்கேலம்மாள் பழைய துண்டை வாங்கினாள். பழைய வளையத்தின் மேலேயே புது வளையம் விழுந்திருந்தது.

"புதுசே கிடக்கட்டும். பெட்டிய மூடுங்க" என்றாள்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது முற்றத்தில், நேற்றுக் காலையில், அவர் களத்திலிருந்து வந்ததும் துண்டை ஊறப்போட அவள் கரைத்து வைத்த சோடாத் தண்ணீர் வாளியோடு இருந்தது. அதைத் தென்னை மூட்டில் கொட்டினாள். மல்லி வாசம் போகாத துண்டை உதறாமல் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினாள்.