ஹம் என்றால் ரெண்டு பேர்

வீராயி அன்று புருஷன் கலியமூர்த்திக்குப் போட்டுவிட்டது கல்யாணத்துக்குப் போகிற சட்டை. சவரம் செய்து, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். இப்படிக் கூட்டி வந்தால் எந்த டாக்டர் இவனை முடியாதவன் என்று நம்புவார்? அந்த யோசனை அவளுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோதுதான் வந்தது.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலக்கையும் வலக்காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஊனச் சான்றிதழுக்கு இது மூன்றாவது நடை. இந்த வடக்கத்தி ஊரில், மோதி பாக் காலனியில் அவள் வேலை செய்யும் மூன்று வீட்டிலும் லீவு சொல்லியாயிற்று. நாற்பது சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டால் உதவித்தொகையும் இல்லை, சக்கர நாற்காலியும் இல்லை.

டாக்டர் சின்னப் பெண். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் கேட்டாள்.

"நஹானா?" குளிப்பது?

"ஹம் நஹாதா ஹை," என்றான் கலியமூர்த்தி. படிவத்தில் ஒரு டிக்.

"கானா?" சாப்பிடுவது?

"ஹம் காதா ஹை." இன்னொரு டிக். உடுத்துவதற்கும் அதே பதில், அதே டிக்.

"அச்சா. எல்லாம் தானாகவே செய்துகொள்கிறார்," என்று டாக்டர் ஹிந்தியில் முடித்தாள்.

வீராயிக்குப் பகீரென்றது. கட்டட வேலையில் பீகார்க்காரர்களிடம் அவன் படித்த ஹிந்தி அது. 'ஹம்' என்றால் 'நாங்கள்' என்றாலும், அவர்கள் வாயில் அது 'நான்'. டாக்டர் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இந்த மனுஷனுக்கோ படுத்ததிலிருந்து 'நான்' என்ற சொல்லே மறந்துபோயிற்று. தமிழிலும் "நாங்க குளிச்சிட்டோம்" என்றுதான் சொல்வான். "நான் எங்கய்யா குளிச்சேன், ஒன்னக் குளிப்பாட்டி நனைஞ்சேன்," என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது வினையாகிவிட்டது.

"மேடம்ஜி! ஹம் மத்லப் தோ ஆத்மி! ரெண்டு பேரு!" என்று கத்தியவள் அவன் பக்கம் திரும்பினாள். "யோவ், நாங்கன்னு சொல்லாதய்யா. நான்னு சொல்லு!"

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தாள். வீராயியைக் கதவோரம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மேல் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போடும்படி அவனிடம் கைகாட்டினாள். "அகேலே." தனியாக.

இடக்கை தடவித் தடவி ஒருவழியாகக் கழற்றிவிட்டது. போட முடியவில்லை. நெற்றி வேர்த்தது. அவன் கண் கதவைத் தேடியது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக, அவனால் முடியக் கூடாது என்று வீராயி வேண்டிக்கொண்டாள். வேண்டிய வாயால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டர் முன்னே போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், தனியாக என்னதான் முடியும் என்று.

அவன் நன்றாக யோசித்தான். "ஜகடா பீ நஹி, மேடம்."

சண்டை போடக்கூட இன்னொரு ஆள் வேண்டுமே! டாக்டர் சிரித்துவிட்டாள். மற்றச் சோதனைகளும் முடிந்து அறுபது சதவீதம் என்று எழுதினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்த்தி, திறந்து கிடந்த அந்தப் பொத்தானை வீராயி போட்டுவிட்டாள்.

"ஏம் புள்ள, அறுபதாம்ல நமக்கு?" என்றான் அவன், பரீட்சையில் பாஸானவன் போல.

ஒனக்குய்யா, என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"ஆமாய்யா," என்றாள். "நமக்குத்தான்."