சேர்வருக்கு ஓர் ஆள்

மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது.

"பிள்ளை, உங்கட கோழிக்குஞ்சு பசிக்குக் கத்துது" என்றார் வாசலில் நின்ற வான் சாரதி எட்வேட்.

அன்ரோனெற் சிரிக்கவில்லை. மீள்குடியேறியோரின் வீட்டுத்திட்ட விண்ணப்பங்களுக்கு அன்று மாலை நான்கு மணிதான் கடைசி. மன்னார்க் கந்தோரின் உள்ளறையில் இருந்த லினக்ஸ் சேர்வர் பெரிய பற்றரியில் இயங்கும். ஆனால் விண்ணப்பங்களை வாங்கும் புரோகிராமை அவள் தன் மேசைக் கணினியிலிருந்துதான் ஓடவிட்டிருந்தாள். இது அணைந்தால் தொடர்பு அறுந்து அதுவும் நின்றுவிடும். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். நின்றதை மீண்டும் ஓடவிடத்தான் அவளை மாதத்துக்கு மாதம் நீடிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். விண்ணப்பங்கள் முடிந்தாலும் கொடுப்பனவுகளைப் பதிய, வீடுகள் கட்டி முடியும்வரை, இன்னும் இரண்டு வருடத்துக்கு, அந்தப் புரோகிராம் ஓடவேண்டும்.

வரிசையில் அறுபது பேராவது இருப்பார்கள். முன்னால் நின்றவள் பெரியமடுவிலிருந்து வந்த ஹிதாயா.

"மூணாந்தரமா வாறன் புள்ள. இன்னும் தறப்பாளுக்குக் கீழதான் கிடக்கிறம். இண்டைக்கும் பதியாட்டி நான் எங்க போறது?"

கைத்தொலைபேசி அடித்தது. உப்புக்குளத்துப் பள்ளிக்கூட ரீச்சர்.

"உங்கட மகள் பிறின்சிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறிட்டுது. மூக்கால இரத்தம் வருது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம், உடன வாங்கோ."

அன்ரோனெற் பையை எடுத்தாள். பொறுப்பதிகாரி சாந்தரூபன் குறுக்கே வந்தார்.

"நீங்கள் போனா இவ்வளவு சனத்துக்கும் ஆர் பதில் சொல்றது? அது நிண்டா எனக்கு ஓடவிடத் தெரியாது."

"நிக்காமல் செய்துபோட்டுப் போறன் சேர்."

"அப்பிடியும் செய்யலாமோ?"

அவள் பையை வைத்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தாள். புரோகிராமைச் சேர்வரிடமே ஒப்படைத்துப் பின்னணியில் ஓட வைக்கலாம். நின்றாலும் சேர்வரே திரும்ப எழுப்பிவிடும். திருச்சி அகதி முகாமிலிருந்து போய்ப் படித்த டிப்ளோமாவில் சொல்லித்தந்ததுதான். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றிருந்தார்கள். வேலைக்கு வந்த இரண்டாம் கிழமையே இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஊர் திரும்பியபின் வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் இது.

பத்து வரி. ஒரு புள்ளி பிசகியது. சேர்வர் ஏற்க மறுத்தது. வியர்த்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். யூபிஎஸ் விடாமல் அலறியது. கடைசி வரியை அடித்து முடித்ததும் திரை கறுத்தது.

சாந்தரூபன் தன் மடிக்கணினியில் ஹிதாயாவின் படிவத்தை அனுப்பினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பதிவிலக்கம் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஹிதாயா அவள் கையைப் பிடித்தாள். "உன்ட புள்ளைக்கு ஒண்டும் வராது, போ."

"ஏறுங்கோ பிள்ளை" என்று எட்வேட் வானை இயக்கினார்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். மூன்று நாளாகச் சேலைன் சொட்டியது. பிறின்சியின் உதடுகள் வெடித்திருந்தன. கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாள். நாலாம் நாள் காலை சாந்தரூபன் அழைத்தார்.

"சேர், இன்னும் ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில நிக்கவேணுமாம். திங்கக்கிழமை கட்டாயம் வந்திடுவன்."

"அவசரப்படாதேங்கோ தங்கச்சி, பிள்ளையோட ஆறுதலா நில்லுங்கோ. மூண்டு நாளா ஒருத்தரும் கிட்டப் போகேல்லை, அது தன்ர பாட்டில ஓடுது. இனி அதுக்கு ஆள் தேவையில்லையெண்டு கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதிப்போட்டன்."